அளவையும் அறமும்

உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலப் புகும் மாணவர்க்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று பொருளுடைய இலக்கங்கள் பற்றியதாகும். ஓர் அளவீட்டை எத்தனை இலக்கங்களில் எழுதலாம், கணித்துப் பெற்ற விடையை எந்தத் தானத்தில் மட்டந்தட்ட வேண்டும் என்பன போன்ற விதிகளை அது கூறும். மாணவர் அதனைச் சலிப்போடு கற்கின்றனர். ஆசிரியர்களிற் பலரும் அதனை விரைந்து கடந்து விடுகின்றனர். பரீட்சையில் ஒரு புள்ளியை இழக்காதிருப்பதற்கான முன்னெச்சரிக்கை என்ற அளவிலேயே அது மனத்திற் பதிகிறது. ஆய்வுகூடத்தின் வாயிலைக் கடந்ததும் அது மறக்கப்பட்டு விடுகிறது.

ஆயின், இச்சிறு பாடத்தினுள்ளே ஒழுக்கவியல் சார்ந்த பெருங்கேள்வியொன்று அடங்கியுள்ளது. தான் அறிந்ததற்கும் அறியாததற்கும் இடையிலுள்ள எல்லையை ஒருவர் பிறர்க்கு எவ்வாறு வெளிப்படுத்தல் வேண்டும் என்பதே அக்கேள்வி. எண்களைக் காட்டி வாய்ப்புகளை வழங்குவதும் மறுப்பதும், எண்களைக் காட்டி உயிர்களையே கணக்கிலிருந்து நீக்குவதும் நிகழும் இக்காலத்தில், அக்கேள்வி விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. எண்களால் ஆளப்படும் ஒவ்வொருவருக்கும் உரியதாகும்.

எடுத்துக்காட்டொன்றை நோக்குவோம். வர்ணம் பூசப்பட்ட, கனவுரு வடிவான சிறு திண்மம் ஒன்றன் அடர்த்தியைக் காணுமாறு மாணவர் ஒருவர் பணிக்கப்படுகிறார். மில்லிமீற்றர்க் கோடுகளிட்ட அடிமட்டத்தினால் நீளம் 6.2 சதமமீற்றர், அகலம் 4.1 சதமமீற்றர், உயரம் 2.3 சதமமீற்றர் என அவர் அளக்கிறார். தராசு 157 கிராம் எனக் காட்டுகிறது. கைத்தொலைபேசியிலுள்ள கணிகருவியில் இவற்றை இட்டுப் பெருக்கி வகுத்தால், கனசதமமீற்றருக்கு 2.6853214 கிராம் என்ற விடை திரையிலே தோன்றும். அந்த எட்டு இலக்கங்களையும் அவர் பயபக்தியுடன் கொப்பியில் எழுதிக்கொள்கிறார்.

அவ்வெட்டு இலக்கங்களுள் அவர் உண்மையில் அறிந்தவை எத்தனை? அடிமட்டத்தில் எடுத்த ஒவ்வொரு வாசிப்பும் அரை மில்லிமீற்றர் வரை கூடவோ குறையவோ இருத்தல் கூடும். உண்மையான நீளங்கள் மூன்றும் அவ்வளவுக்குக் கூடியவையாயின் அடர்த்தி ஏறத்தாழ 2.58 ஆகும், குறைந்தவையாயின் ஏறத்தாழ 2.80 ஆகும். எனவே, முதலிலக்கமாகிய 2 உறுதியானது. அடுத்து வரும் இலக்கம் ஐயத்துக்குரியது, ஆயினும் பயனுடையது. அதற்கப்பாலுள்ள ஆறு இலக்கங்களும் அடிமட்டம் தந்தவையல்ல, தராசு தந்தவையுமல்ல. அவை கணிகருவி தானாக இட்டு நிரப்பியவை. 2.7 என்று எழுதி நிறுத்துவதே அம்மாணவரின் அளவீட்டுக்கு உரிய விடையாகும்.

மிகையாக எழுதிய இலக்கங்களால் என்ன கேடு விளைந்துவிடும் எனக் கேட்கலாம். அம்மாணவர் நூலைப் புரட்டிக் குவாட்சின் அடர்த்தி 2.65 எனவும், அலுமினியத்தின் அடர்த்தி 2.70 எனவும் காண்கிறார் என்று கொள்வோம். தாம் பெற்ற 2.685 இவ்விரண்டும் அன்று. எனவே இத்திண்மம் வேறொரு பொருளால் ஆனது என்று அவர் முடிவு கட்டுவார். உண்மையில் அவருடைய அளவீடு குவாட்சையும் விலக்கவில்லை, அலுமினியத்தையும் விலக்கவில்லை. உரிமையின்றிச் சேர்த்துக்கொண்ட இலக்கங்கள் உரிமையில்லாத முடிவொன்றுக்கு அவரை இட்டுச் சென்றுவிட்டன. பொய்யான நுண்மையின் கேடு இதுவே. அது வெறும் அலங்காரமாகத் தொடங்கித் தீர்ப்பாக முடிகிறது.

முன்னைய தலைமுறையினர் நான்கு தானங்களுக்கு அச்சிடப்பட்ட மடக்கை அட்டவணையைக் கொண்டு கணித்தனர். நான்காம் இலக்கத்துக்கு அப்பால் அவ்வட்டவணை எதனையும் தருவதில்லை. கருவியின் வறுமையே ஓரளவுக்கு ஒழுக்கத்தையும் கற்பித்தது எனலாம். இன்றைய கருவிக்கு அத்தகைய எல்லையில்லை. வேண்டிய இலக்கங்களை அது வேண்டாமலே தரும். ஆகவே, எங்கு நிறுத்த வேண்டும் என்ற பொறுப்பு முழுவதும் மனிதரின் மேல் வந்து விழுந்துள்ளது. கருவிகள் பெருகப் பெருக அறிவு பெருகும் என்று நம்புகிறோம். கருவி தருவதனைத்தும் அறிவாகாது என்பதையும் கூடவே கற்பித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் நம்முடைய மொழியைச் சற்று நோக்குதல் தகும். தமிழில் 'அளவை' என்னும் சொல், நெல்லையும் நிலத்தையும் அளக்கும் அளவையும் குறிக்கும். ஒன்றை உண்மையென்று அறிவதற்குரிய வழியையும் குறிக்கும். மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கம், இறைவனைப் பற்றிப் பேசுமுன் அளவைகளைப் பற்றிப் பேசுகிறது. நமது பாடசாலைகளில் இன்றும் அளவையியலும் விஞ்ஞானமுறையும் ஒரே பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. எதனால் அறிந்தாய் என்ற கேள்விக்கு விடை கூறாமல், எதனை அறிந்தாய் என்ற கேள்விக்கு விடை கூறலாகாது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

அம்மரபினர் காட்சியிலுள்ள குறைகளை ஐயம், திரிபு என இரண்டாகப் பிரித்தனர். மங்கிய ஒளியிலே நிற்பது மரக்கட்டையோ மனிதனோ எனத் துணிய முடியாதிருப்பது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுவது திரிபு. ஆய்வுகூடத்திலும் இவ்விரண்டையும் காணலாம். ஒரே நீளத்தைப் பத்து முறை அளக்கும்போது வாசிப்புகள் சிறிது முன்னும் பின்னுமாகச் சிதறுவது ஐயத்தின்பாற்படும். வேணியர் இடுக்கியின் பூச்சிய வழுவைக் கவனியாமல் பத்து முறையும் ஒரே பிழையான வாசிப்பை எடுப்பது திரிபின்பாற்படும். முன்னதை இலக்கங்களின் எண்ணிக்கையால் வெளிப்படுத்தலாம். பின்னதை எத்தனை இலக்கங்கள் எழுதினும் அவை வெளிப்படுத்தமாட்டா. கருவியையும் அதனைக் கையாளும் முறையையும் சோதித்தாலன்றி அது புலப்படாது. சிதறாத எண் எல்லாம் செம்மையான எண் அன்று. சமுதாயத்தைப் பற்றிய எண்களை ஆராயும்போது இவ்வேறுபாடு மிகவும் பயன்படும்.

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் பற்றி நெடுங்காலமாக ஒரு கதை வழங்கிவருகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்திய நிலவளவைப் பகுதியினர் தொலைவிலுள்ள பல நிலையங்களிலிருந்து அச்சிகரத்தின் கோணங்களை அளந்தனர். ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணித அறிஞர் அவ்வளவீடுகளைக் கணித்து, உலகில் அறியப்பட்ட சிகரங்களுள் அதுவே உயர்ந்தது எனக் கண்டார். 1856ஆம் ஆண்டில் நிலவளவைத் தலைவர் அன்ட்ரூ வோ, அதன் உயரம் 29,002 அடி என அறிவித்தார். கணிப்பின் சராசரி சரியாக 29,000 அடியாகவே வந்ததாம். பூச்சியங்களிலே முடியும் எண்ணைக் கண்டால், அது வெறும் மதிப்பீடு என மக்கள் எண்ணிவிடுவர் என அஞ்சி இரண்டு அடிகள் சேர்க்கப்பட்டனவாம். 2020ஆம் ஆண்டில் நேபாளமும் சீனாவும் கூட்டாக அறிவித்த உயரம் 8848.86 மீற்றர், அதாவது ஏறத்தாழ 29,032 அடி. அன்றைய அளவீடு வியக்கத்தக்க சாதனையே. எனினும் சேர்க்கப்பட்டதாகக் கூறப்படும் இரண்டு அடிகள் முப்பது அடி வேறுபாட்டினுள்ளே மூழ்கிவிடுகின்றன.

கதை மெய்யோ பொய்யோ, அது சுட்டும் நோய் மெய்யானது. பூச்சியம் உழைப்பின்மையின் அடையாளமென்றும், முறிந்த எண் உழைப்பின் அடையாளமென்றும் மக்கள் கருதுகின்றனர். அளந்து கண்ட பூச்சியமும் உண்டு. அளக்காமல் இட்ட பூச்சியமும் உண்டு. 4.3 என்பதும் 4.30 என்பதும் கணக்கிலே ஒன்று, அளவீட்டிலே வேறு. பின்னதில் உள்ள பூச்சியம், 'அந்தத் தானத்தையும் நான் நோக்கினேன், அங்கு வேறெதுவும் இருக்கவில்லை' என்று கூறும் சாட்சியம். இவ்வாறு சாட்சியமாக அமையும் இலக்கத்தையே பொருளுடைய இலக்கம் என்கிறோம். சாட்சி கூறுபவன் கண்டதற்கு மேலும் கூறலாகாது. கண்டதிற் குறைத்தும் கூறலாகாது.

இரண்டாவது கடமையும் முதலாவதைப் போலவே முக்கியமானது. பொருளுடைய இலக்கங்கள் பற்றிய பாடம் அடக்கத்தை மட்டுமே கற்பிக்கிறது எனக் கருதுவது தவறு. உழைத்துப் பெற்ற இலக்கத்தைக் கைவிடாத உறுதியையும் அது கற்பிக்கிறது. தொலைநோக்கி தோன்றுமுன் வெறுங்கண்ணால் வானத்தை அளந்த தைக்கோ பிராகே 1601ஆம் ஆண்டில் இறந்தார். அவருடைய அளவீடுகளைக் கொண்டு செவ்வாயின் பாதையை வகுக்க முயன்றார் கெப்ளர். பலகாலம் உழைத்து அவர் அமைத்த கொள்கை, அளவீடுகளோடு கோணத்தின் எட்டுக் கலைகள் வரை முரண்பட்டது. எட்டுக் கலைகள் என்பன முழுமதியின் விட்டத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு. முற்காலத்து அளவீடுகளாயின் அவ்வேறுபாட்டைப் புறக்கணித்திருக்கலாம்; அவற்றின் ஐயமே அவ்வளவு பெரிது. தைக்கோவின் அளவீடுகளோ இரண்டொரு கலைகளுக்குள் நம்பத்தக்கவை. எனவே, தம் கொள்கையைக் காப்பாற்ற அளவீட்டை வளைக்காமல், அளவீட்டைக் காப்பாற்றத் தம் கொள்கையைத் துறந்தார் கெப்ளர். கோள்கள் வட்டத்திலேயே இயங்கவேண்டும் என்ற ஈராயிரம் ஆண்டு நம்பிக்கை இவ்வாறே வீழ்ந்தது. 1609ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் நீள்வட்டப் பாதையை உலகுக்கு அறிவித்தது.

ஆயின், தனது அளவீடு தன்னையே குற்றஞ்சாட்டுவது போலத் தோன்றும்போது ஒருவர் செய்ய வேண்டியது யாது? மீற்றர் அளவு பிறந்த வரலாறு இதற்கு விடை தரும். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் அந்நாட்டில் ஊருக்கு ஊர் அளவுகள் வேறுபட்டன. தானியம் அளக்கும் மரக்காலைத் தன் கையில் வைத்திருந்த பிரபு, அதன் வழியே உழவரின் விளைச்சலையும் தன் கையில் வைத்திருந்தான். 1789ஆம் ஆண்டில் மக்கள் எழுதி அனுப்பிய குறைகேள் ஏடுகளில், எங்கும் ஒரே அளவு வேண்டும் என்ற கோரிக்கையும் இடம்பெற்றது. எவருடைய உடைமையுமாகாத பூமியையே அடிப்படையாகக் கொண்டு புதிய அளவை அமைக்க விஞ்ஞானிகள் முன்வந்தனர். டங்கேர்க்கிலிருந்து பார்சலோனா வரையுள்ள நெடுங்கோட்டு வில்லை அளக்கும் பணி, 1792ஆம் ஆண்டில் டெலாம்பர், மெஷேன் என்னும் இரு வானியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

தென்பகுதியை அளந்த மெஷேன் கடுமையான செம்மையாளர். பார்சலோனாவின் மொன்ஜுயிக் கோட்டையிலிருந்து விண்மீன்களை நோக்கி அதன் அகலக்கோட்டை அவர் கணித்தார். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டமையால் அந்நகரிலேயே தங்க நேர்ந்தபோது, தாம் தங்கிய விடுதியிலிருந்து மீண்டும் அளந்தார். இரு முடிவுகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஏறத்தாழ மூன்று விகலைகள் வேறுபாடு. நிலத்திலே கூறுவதாயின் நூறு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. எங்கே தவறினோம் என்பது அவருக்குப் புலப்படவில்லை. அவ்வேறுபாட்டை அவர் எவருக்கும் கூறாது மறைத்தார். குறிப்புகளைத் திருத்தி, அளவீடுகள் அழகாகப் பொருந்துவன போலச் சமர்ப்பித்தார். 1799ஆம் ஆண்டில் பிளாற்றினத்தாலான மீற்றர் கோல் உறுதிசெய்யப்பட்டது. மெஷேன் பெரும் பாராட்டைப் பெற்றார். பாராட்டு அவரை வாட்டியது. அளவையைத் தெற்கே நீட்டும் பணியை ஏற்று அவர் மீண்டும் ஸ்பெயினுக்குச் சென்றார். 1804ஆம் ஆண்டில் அங்கேயே காய்ச்சலால் இறந்தார். பின்னர் அவருடைய குறிப்புகளைப் பரிசோதித்த டெலாம்பரே மறைக்கப்பட்டதைக் கண்டறிந்தார்.

இதிலுள்ள பெருந்துயரம் யாதெனில், மறைப்பதற்கு அங்கு குற்றமேதும் இருக்கவில்லை என்பதே. ஐயத்தை ஒழுங்காகக் கணித்து வெளியிடும் முறை அக்காலத்தில் இன்னும் வளரவில்லை. பொருந்தாத வாசிப்புகளை ஒன்றாக வைத்து நோக்கும் இழிவு வர்க்க முறையை லெஜாந்தர் 1805ஆம் ஆண்டில், மெஷேன் இறந்த மறு ஆண்டில், வெளியிட்டார். அம்முறையை விளக்க அவர் எடுத்துக்கொண்டவற்றுள் அந்த நெடுங்கோட்டு வில்லின் அளவீடுகளும் அடங்கும். மீற்றர் கோல் கருதப்பட்ட நீளத்திலும் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் குறைந்தமைக்கு மெஷேனின் மூன்று விகலைகள் முதன்மையான காரணமுமல்ல. பூமியின் வடிவம் எண்ணியதுபோல் ஒழுங்கானதாக இல்லாமையே காரணம். அவர் மறைத்த முரண்பாடு, அறிவின் அடுத்த படிக்கு வழிகாட்டியிருக்கக்கூடிய தடயமாகும். வழுவைப் பாவமாகக் கருதும் சமுதாயம் மறைப்பவர்களையே உருவாக்கும். வழு அளவீட்டின் உடன்பிறப்பு. அதனை அளந்து கூறுவதே விஞ்ஞானியின் நேர்மை.

இதுவரை ஆய்வுகூடத்தையும் விண்ணையும் நோக்கினோம். இனி, அப்பாடத்தைக் கற்கும் மாணவரையே அளக்கும் அளவுகோலை நோக்குவோம். நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி பயன்படுத்தப்பட்டு வருகிறது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறுவது அது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியே மாணவரின் தகுதியைத் தீர்மானிக்கிறது. மாவட்டந்தோறும் துறைதோறும் வெளியிடப்படும் வெட்டுப்புள்ளிகள் நான்கு தசம தானங்களில் அமைகின்றன. நான்காம் தானத்தில் ஒன்று குறைந்தமையால் மருத்துவத்தையோ பொறியியலையோ இழந்தவர் உண்டு.

அந்த நான்காம் தானத்துக்குரிய பொருள் யாது? ஒரு பாடத்தின் நியம விலகல் 20 புள்ளிகள் எனக் கொள்வோம். அப்பாடத்தில் ஒரேயொரு புள்ளி கூடினால் அதன் இசட் புள்ளி 0.05 கூடும், மூன்று பாடங்களின் சராசரி ஏறத்தாழ 0.017 கூடும். அதாவது, கட்டுரை விடையொன்றுக்கு ஒரு பரீட்சகர் 7 புள்ளியும் இன்னொரு பரீட்சகர் 8 புள்ளியும் வழங்கக்கூடிய சாதாரண வேறுபாடே இரண்டாம் தசம தானத்தை அசைத்துவிடுகிறது. அவ்வாறாயின் மூன்றாம் தானமும் நான்காம் தானமும் மாணவரின் ஆற்றலைப் பற்றி எதனையும் கூறவில்லை. திண்மத்தின் அடர்த்தியை எட்டு இலக்கங்களில் எழுதினால் புள்ளியைக் குறைக்கும் நாம், மாணவரின் எதிர்காலத்தை அதே வகையான இலக்கங்களால் எழுதுகிறோம்.

இம்முறையை வகுத்தோர் தீய நோக்கத்தோடு வகுத்தனர் எனக் கூறுவது நேர்மையாகாது. எளிதான பாடத்தையும் கடினமான பாடத்தையும் வெறும் புள்ளியால் ஒப்பிடும் அநீதியைக் குறைப்பதே அதன் நோக்கம். 1970களின் தரப்படுத்தல் தமிழ் மாணவர் உள்ளத்தில் ஏற்படுத்திய புண்ணை அறிந்தோர், மொழியைப் பாராத கணித முறையொன்றை வரவேற்றதிலும் வியப்பில்லை. இடங்கள் சிலவாகவும் கேட்போர் பலராகவும் இருக்கும்போது எங்கேனும் ஒரு கோடு இடத்தான் வேண்டும். ஆயின், கோட்டுக்கு மேலும் கீழும் நிற்பவருக்கிடையே அளந்தறிந்த வேறுபாடு இருப்பதாகப் பாவனை செய்யவேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளிகளை, 2012ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் செல்லாதனவாக்கியது. அப்புள்ளிகளும் நான்கு தசம தானங்களோடுதான் விளங்கின. இலக்கங்கள் குறையவில்லை, அடிப்படையே திரிந்திருந்தது.

ஆழ்ந்து நோக்கினால், இங்கு தசம தானங்கள் ஆற்றும் சமுதாயப் பணி தெளிவாகும். போதிய பல்கலைக்கழக இடங்களை அமைக்காமை ஆட்சியின் குறை. அக்குறை நான்கு தசம தானங்களினூடாக வரும்போது மாணவரின் குறையாக மாறிவிடுகிறது. 'உனக்கு இடமில்லை' என்று கூறவேண்டிய அரசு, 'உனக்குத் தகுதியில்லை' என்று கூறிவிடுகிறது. வெட்டுப்புள்ளியால் வெளியே நிறுத்தப்பட்டவர் தம்மைத் தாமே நொந்துகொள்கிறார். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் வெட்கப்படுகிறார். பொய்யான நுண்மை ஒரு பற்றாக்குறையை எவ்வாறு தீர்ப்பாக மாற்றுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பெறாத இலக்கங்களைச் சேர்ப்பதன் கேடு இது. பெறக்கூடிய இலக்கங்களைப் பெற மறுப்பதன் கேடு இதனிலும் கொடியது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வன்னிப் போர்ப் பிரதேசத்தில் சிக்கியிருந்த மக்கள் ஏறத்தாழ 70,000 பேர் என அரசு கூறியது. அவ்வெண்ணைப் பொறுத்தே உணவும் மருந்தும் அளவிடப்பட்டன. போர் முடிந்து அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிகளை வந்தடைந்தோராக ஐக்கிய நாடுகள் அலுவலகம் 2009 யூலையிற் கொடுத்த எண்ணிக்கை 282,380. உயிரோடு வந்தோர் மட்டுமே கூறப்பட்டதன் நான்கு மடங்கு. இதனை மட்டந்தட்டற் பிழை என்று எவரும் கூறார். மில்லிமீற்றரில் ஐயப்பட்டவர் செய்த தவறன்று இது. அடிமட்டத்தையே மாற்றிவைத்தவர் செய்த செயல்.

2011ஆம் ஆண்டு சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் தொடர்பான ஆணைக்குழுவின் முன் ஓர் எளிய கழித்தலை வைத்தார். 2008 ஒக்ரோபரின் தொடக்கத்தில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் இருந்தோர் 429,059. வெளியே வந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது எனத் தெளிவுபடுத்துமாறு அவர் கேட்டார். இறந்தோர் இத்தனை பேர் என்று அவர் துணியவில்லை; கணக்கு வேண்டும் என்றே கேட்டார்.

இவ்வெண்ணைக் கேட்டவுடன், நாம் மேலே கற்ற பாடத்தையே ஆயுதமாக எடுப்போர் உண்டு. இரு பெரிய எண்களைக் கழிக்கும்போது இரண்டிலுமுள்ள வழுக்கள் எஞ்சுகின்றன. கச்சேரிக் கணக்கு மிகையாயிருக்கலாம். வேறு வழிகளிற் சென்றோர் இருக்கலாம். ஆகவே இவ்வெண் நம்பத்தக்கதன்று என்பர். முதற் பகுதி உண்மை. இரு கணக்குகளும் நூற்றுக்கு இரண்டு பிழைத்தாலே வேறுபாடு பல ஆயிரம் மாறும். ஆறு, ஆறு, ஏழு, ஒன்பது என்ற கடைசி இலக்கங்களுக்கு உத்தரவாதமில்லை. ஆயின் ஐயத்துக்குரிய இலக்கங்களை நீக்கினால் எஞ்சுவது பூச்சியமன்று. கேள்வி முழுமையாக எஞ்சுகிறது. ஐயம் மேலும் அளப்பதற்குக் காரணமாகுமேயன்றி, அளவாமைக்குக் காரணமாகாது. கெப்ளருக்கு எட்டுக் கலைகள் உறக்கத்தைக் கெடுத்தன. இங்கோ இலட்சக்கணக்கிலான வேறுபாட்டை முன்னே வைத்துக்கொண்டு உறங்க முடிந்திருக்கிறது.

அதே 2011ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு, 40,000 வரையான குடிமக்கள் இறந்திருக்கலாம் என்பதை விலக்க முடியாது எனக் கூறியது. அவ்வெண்ணில் பொருளுடைய இலக்கம் ஒன்றே. அக்குழு தான் அறிந்ததற்கு மேல் எழுதவில்லை என்ற அளவில் அது நேர்மையான எண். ஆயின் அதன் பின்னேயுள்ள நான்கு பூச்சியங்களும் அளந்து கண்ட பூச்சியங்களல்ல, அளக்கப்படாத தானங்கள். திண்மத்தின் அடர்த்தியில் எட்டாம் இலக்கம் எவருக்கும் உரியதன்று. மனிதரை எண்ணும்போதோ கடைசி இலக்கம் ஒருவருடைய பெயர். ஒரு தாய் தேடும் பிள்ளை. அந்த இலக்கத்தை இயற்கை மறைக்கவில்லை. நுண்மையான கருவி இல்லாமையாலும் அது மறைந்திருக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று கேட்டு எழுதினால் பெறக்கூடிய இலக்கம் அது.

ஆகவே, பொருளுடைய இலக்கங்கள் பற்றிய பாடத்தை விதிகளின் பட்டியலாக மட்டும் கற்பித்தல் போதாது. அளவீடு ஒவ்வொன்றும் ஒரு சாட்சியம் என்பதை மாணவர் உணருமாறு கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கற்றவர், தம்முன் வைக்கப்படும் எந்த எண்ணையும் நோக்கிச் சில கேள்விகளைக் கேட்பார். இதனை அளந்தவர் யார்? எக்கருவியால் அளந்தார்? இவ்விலக்கங்களுள் அவருக்கு உரியவை எத்தனை? எழுதாது விடப்பட்ட இலக்கங்கள் அறிய முடியாதவையா, அறிய விரும்பாதவையா? வறுமையின் கணக்கையும் விலைவாசியின் கணக்கையும் பரீட்சைப் புள்ளியையும் இறந்தோர் எண்ணிக்கையையும் நோக்கி இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய மக்களை, எண்களைக் காட்டி ஏய்ப்பது எளிதன்று.

எழுத்தாளருக்கும் இதிற் பங்குண்டு. மக்களின் பக்கம் நிற்கிறோம் என்ற உணர்ச்சியால் எண்ணை மிகைப்படுத்தி எழுதுவோர், மறுப்பவர் கையில் எளிய மறுப்பொன்றைக் கொடுத்துவிடுகின்றனர். அறிந்ததை அறிந்த அளவில் எழுதி, அறியாத தானத்தை வெறுமையாக விட்டு, அவ்வெறுமைக்குக் காரணமானவரைச் சுட்டிக் காட்டும் எழுத்தே நெடுங்காலம் நிலைக்கும். நம் நாட்டில் நிரப்பப்பட வேண்டிய வெறுந்தானங்கள் இன்னும் பல உள்ளன. அவற்றை நிரப்பும் வேலை அளவையின் வேலை. அதனை நிறைவேற்றுமாறு கேட்டுக்கொண்டேயிருப்பது நம் எல்லோருடைய கடமையுமாகும்.